சுவீடனாக இருந்த கரை

நான் ஓட்டும் பஸ்ஸின் பாதை தண்ணீரில் போய் முடிகிறது. நகரத்துப் புகையிரத நிலையத்தில் புறப்பட்டு, வயல்களுக்கும் காற்றாலைகளுக்கும் நடுவே நாற்பது நிமிடம் ஓடி, நாணல் கூரை வேய்ந்த நாற்பது ஐம்பது வீடுகளைச் சுற்றி வளைந்து, கரையிலிருந்து இருபது அடி தள்ளி பஸ் நிற்கும். அங்கே எனக்கு இருபத்திரண்டு நிமிடம் ஓய்வு. பிறகு வந்த வழியே திரும்ப வேண்டும்.

இங்கே வருவதற்கு முன் டோர்ட்மண்டில் பதினெட்டு வருடம் பஸ் ஓட்டினேன். மகள் படிப்புக்காகக் கொலோனுக்குப் போன வருடம், தாதியாக வேலை செய்யும் என் மனைவிக்கு ஜேர்மனியின் இந்த வடகிழக்கு மூலையில், பால்டிக் கடலோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நல்ல வேலை கிடைத்தது. பஸ் சாரதிகளையும் இங்கே தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அங்க எங்கட சனம் ஒருத்தரும் இல்லையே," என்றேன்.

"இஞ்ச இருக்கிற சனத்தோட நீங்கள் என்னத்தைக் கதைச்சுக் கிழிச்சனீங்கள்? ஒருக்கா போய்ப் பாப்பம், வாங்கோ," என்றாள் அவள்.

வந்தோம். நகரத்தில் ஐந்தாம் மாடியில் ஒரு வீடு. எனக்குக் கிடைத்தது இந்தப் பாதை.

முதல் குளிர்காலத்தில் அந்தக் கடைசித் தரிப்பிடம் எனக்குக் கனவில் வரும் இடம் போலவே இருந்தது. இயந்திரத்தை நிறுத்தியதும் காதுக்குள் ஒரு பெரிய வெறுமை வந்து உட்காரும். வீடுகளில் பாதி, கோடையில் வரும் விடுமுறைக்காரருக்கானவை. அவை யன்னல்களை மூடிக்கொண்டு தூங்கும். கடையைப் பூட்டிப் பல வருடம் ஆகிவிட்டது. பேக்கரியின் பாண் வண்டி வாரத்தில் இரண்டு தரம் மணியடித்துக்கொண்டு வரும். இரண்டே இரண்டு மீன்பிடிப் படகுகள், கயிற்றில் கட்டிய மாடுகளைப் போல ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். முன்னால் இருப்பது திறந்த கடல் இல்லை. தீவுகளும் மணல் திட்டுகளும் மறித்து வைத்திருக்கும் பரவைக்கடல். ஆழம் குறைவு, உப்பும் குறைவு. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும் நாட்களில் எது எங்கே முடிகிறதென்று தெரியாது. தேநீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே தூங்குபவனைப் போல அந்த இருபத்திரண்டு நிமிடமும் இருப்பேன்.

வியாழக்கிழமைகளில் ஒரு பெண் காலை பஸ்ஸில் நகரத்துக்குப் போய் மாலையில் திரும்புவார். அறுபது வயதிருக்கும். நீலக் கம்பளித் தொப்பி. பள்ளிக்கூடச் சமையலறையில் பல காலம் வேலை செய்து, முழங்கால் வலியால் நேரத்தோடு ஓய்வு பெற்றவர். எனக்குப் பின்னால் உள்ள முதல் இருக்கையில்தான் உட்காருவார். சில வாரம் வணக்கத்தோடு நின்ற பேச்சு, ஒருநாள் கடைசித் தரிப்பிடத்தில் இறங்கும்போது நீண்டது.

"இது ஒரு காலத்தில் சுவீடன். தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

"எது?"

"நீங்கள் பஸ்ஸை நிறுத்தியிருக்கிற இந்த இடம். இந்தக் கரை முழுவதும். ஐந்தாறு தலைமுறைக்கு இங்கே ராஜா சுவீடன் ராஜாதான்."

அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே மனைவியிடம் சிரித்துக்கொண்டு சொன்னேன். ஊரை விட்டு வந்த காலத்தில் ஏஜென்சிக்காரன் என்னைச் சுவீடனுக்குத்தான் அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். ஜேர்மனியில் இறக்கி விட்டுவிட்டுக் காணாமல் போனான்.

"அவன் பொய் சொல்லேல்லை, பாரும். கொஞ்சம் சுணங்கித்தான் வந்து சேர்ந்திருக்கிறன்," என்றேன்.

"சுவீடனுக்கு வந்தவர் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது," என்றாள்.

அதன் பிறகு வியாழக்கிழமைகளுக்குக் காத்திருக்கத் தொடங்கினேன். அந்தப் பெண் நகரத்து ஆவணக் காப்பகத்துக்குத்தான் போய் வந்தார். தன் ஊரின் கதையை எழுதவேண்டும் என்று ஒரு ஆசை. யாரும் கேட்கவில்லை, அவராகவே தொடங்கியது. காப்பகத்தில் பென்சில் மட்டும்தான் கொண்டு போகலாமாம். பழைய கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்து வரைந்துகொண்டு வந்து, வீட்டில் இருந்து வாசிப்பாராம். அன்றன்று கண்டுபிடித்ததைத் திரும்பி வரும் வழியில் எனக்குச் சொல்வார். வயல்கள் இருண்டுகொண்டு வரும். கண்ணாடியில் அவருடைய முகம் தெரியாது, குரல் மட்டும் பின்னாலிருந்து வரும்.

பதினேழாம் நூற்றாண்டில் முப்பது வருடம் நடந்த ஒரு யுத்தம். அதன் முடிவில் இந்தக் கரை சுவீடனின் கைக்குப் போனது. பிறகு சுவீடனிலிருந்து நில அளவைக்காரர்கள் வந்தார்கள். சங்கிலியும் கோலும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக, வயல் வயலாக நடந்தார்கள். எந்த நிலம் யாருடையது, அதில் புல் எவ்வளவு, நாணல் எவ்வளவு, எந்த வீட்டில் எத்தனை மாடு, யார் எதால் பிழைக்கிறார் என்றெல்லாம் எழுதினார்கள். ஊருக்கொரு படம் வரைந்து நிறம் தீட்டினார்கள். அவருடைய ஊரின் படத்தில் புல்வெளி பச்சை, தண்ணீர் வெளிறிய நீலம். ஊரின் வடக்கு முனையில், இப்போது வெறும் நாணல் நிற்கும் இடத்தில், தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு ஒரு இறங்குதுறை. அதன் கால்களை ஏழு சின்னக் கோடுகளாகப் போட்டிருந்தார்கள்.

"அந்தப் பையன்களுக்கு எவ்வளவு குளிர்ந்திருக்கும்," என்றார் ஒருநாள். யாரைச் சொல்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. சங்கிலி பிடித்த அளவைக்காரரைத்தான் சொன்னார், நேற்றுப் பார்த்தவர்களைப் போல.

பெப்ரவரியில் ஒரு வியாழன், அவர் வழி முழுவதும் பேசவில்லை. கடைசித் தரிப்பிடத்தில் மற்றவர்கள் இறங்கிய பிறகும் எழும்பவில்லை. நான் இயந்திரத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.

"ஏழு வீட்டு நிலம் எழுதியிருக்கிறார்கள். ஏழுக்கும் நேரே ஒரே சொல்தான். பாழ். பாழ். பாழ்."

"ஆட்கள் எங்கே போனார்கள்?"

"யுத்தம், கொள்ளைநோய், பசி. போனவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களைத்தான் எழுதியிருக்கிறார்கள். படையிலிருந்து விடுவித்த ஒரு சிப்பாய். இரண்டு பிள்ளையோடு ஒரு விதவை, எந்த ஊர் என்று தெரியாதாம். மேற்கேயிருந்து ஒரு வலைக்காரன்." நீலத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அந்தச் சிப்பாயின் பெயர்தான் என்னுடைய குடும்பப் பெயர். கடல் உண்டான நாளிலிருந்து நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்."

போத்தல் மூடியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். அவர்கள் எல்லோரும் அந்த இறங்குதுறையில்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும் என்றார். அதன் கால்கள் சேற்றுக்குள் இன்னும் இருக்குமோ என்று என்னிடம் கேட்டார், எனக்குத் தெரிந்திருக்கும் என்பது போல.

அடுத்த மாதம் இரண்டு நாள் விடாமல் தென்மேற்குக் காற்று அடித்தது. பஸ்ஸை நேராக வைத்திருக்கவே கை உளைந்தது. மூன்றாம் நாள் மதியம் ஒருமணி கழித்துக் கடைசித் தரிப்பிடத்துக்கு வந்தபோது, முன்னால் கடல் இல்லை.

காற்று பால்டிக்கின் தண்ணீரை எதிர்க்கரைக்குத் தள்ளிவிட்டிருந்தது. எப்போதாவது சில வருடத்துக்கு ஒருமுறை அப்படி நடக்குமாம். பரவைக்கடலின் அடி, கண்ணுக்கெட்டும் தூரம் வரை ஈரமாக, பளபளவென்று, தவிட்டு நிறத்தில் திறந்து கிடந்தது. படகுகள் இரண்டும் சரிந்து படுத்திருந்தன. மணலில் அலை விட்டுப்போன சின்னச் சின்ன வரிகள், அவற்றுக்கு நடுவே வானத்தின் துண்டுகள். ஊர்ச்சனம் பத்துப் பன்னிரண்டு பேர் அதன்மேல் மெல்ல நடந்து திரிந்தார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை. கோவிலுக்குள் நடப்பவர்களைப் போல இருந்தது.

நீலத் தொப்பிக்காரி நீண்ட றப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கரையில் நின்றார். கையில் படத்தின் பிரதி, பிளாஸ்டிக் உறைக்குள்.

"இனி எப்போது இப்படி விலகுமோ. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்," என்றார்.

"முழங்கால்?"

"அது வீட்டிலேயே இருக்கட்டும் என்றால் கேட்கவா போகிறது," என்று சிரித்துவிட்டு நடந்தார்.

நான் பஸ் படியில் நின்று பார்த்தேன். வடக்குப் பக்கமாக, நாணலைச் சுற்றிக்கொண்டு, ஒரு நீலப் புள்ளியாகும் வரை போனார். அந்த நேரத்தில் காற்று விழுந்தது. அடித்துக்கொண்டிருந்த கதவை யாரோ சாத்தியது போல, ஒரே தடவையில். தூரத்தில் ஒரு வெள்ளைக்கோடு தெரிந்தது. முதலில் அதைத் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். பனிமூட்டம். அது கரையை நோக்கி நடந்து வந்தது. நடந்து திரிந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்து வீடுகளுக்குப் போனார்கள். நீலப் புள்ளியைக் காணவில்லை.

புறப்படும் நேரத்துக்கு ஒரு முதியவர் பஸ்ஸில் ஏறினார். பழைய மீனவர், எண்பது வயதுக்காரர். மாதத்தில் ஒரு தரம் நகரத்துக் கண் வைத்தியரிடம் போவார். வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் என்னோடு பேசியவரில்லை.

"நேரமாகிறது," என்றார்.

"ஒருவர் இன்னும் வெளியில் நிற்கிறார்." யார் என்று சொன்னேன், எந்தப் பக்கம் போனார் என்று காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தார். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் வெள்ளைச் சுவர்.

"காற்று விழுந்துவிட்டது. தண்ணீர் திரும்பி வரும்," என்றார். பிறகு, "முதலில் கடலடி வாய்க்கால்கள்தான் நிறையும். அவளுக்கும் கரைக்கும் நடுவில் இரண்டு இருக்கிறது," என்றார்.

அப்போது பஸ்ஸின் ரேடியோவில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல் வந்தது. "மூன்று நிமிடம் பிந்தி நிற்கிறாய். என்ன பிரச்சினை?"

"பனிமூட்டம்."

"ஓட ஏலாத அளவுக்கா? இங்கே வெயில் எறிக்கிறது."

"ஒரு பெண் கடலுக்குள் நிற்கிறார்."

"கடலுக்குள்ளா?"

"இப்போது கடல் இல்லை. அது திரும்பி வருகிறது."

பிறகு, "மீட்புப் படைக்குச் சொல்கிறேன். அவர்கள் வர அரை மணி ஆகும். நீ அங்கேயே நில்," என்றது குரல்.

ஆழமில்லாத தண்ணீர் எப்படி ஏமாற்றும் என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதில், யுத்தத்துக்குத் தப்பி யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது, கிளாலிக் கடல்நீரேரியை விளக்கில்லாத படகில் கடந்தவன் நான். படகுக்குப் போகும்வரை முழங்காலளவு தண்ணீரில் நடந்தோம். நாலா பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். காலுக்குத் தரை இருப்பதால் தைரியம் வரும், அந்தத் தைரியத்தோடு பிழையான பக்கத்துக்கு நடந்துகொண்டே இருக்கலாம். எனக்கு முன்னால் போனவர் இருமிக்கொண்டு போனார். அந்த இருமலைப் பிடித்துக்கொண்டுதான் நான் படகுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஹோர்னில் கையை வைத்து அழுத்தினேன். எடுக்கவே இல்லை.

முதியவர் என் தோளில் தட்டினார். "அப்படி அடிக்காதே. எண்ணி அடி. மூன்று அடி, பிறகு நிறுத்து. நாங்கள் கேட்கவும் இடம் வேண்டும்."

மூன்று அடித்தேன். நிறுத்தினேன். அவர் இறங்கிப் போய்த் வழக்கமாகத் தண்ணீர் தொடங்கும் இடத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மறுபடி மூன்று. மறுபடி மௌனம். அந்த மௌனத்தில் கோடிக்கணக்கான சின்னக் குமிழிகள் உடைவது போல ஒரு சத்தம் கேட்டது. மணல் வரிகளுக்கு நடுவே தண்ணீர் நிறையும் சத்தம். எவ்வளவு நேரம் அப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. நான் அடிப்பது எனக்கே தூரத்தில் கேட்டது. பஸ்ஸும் கரையும் அந்த முதியவரும் வெள்ளைக்குள் மெல்ல மிதந்து போவது போலவும், ஹோர்ன் மட்டும் எங்களைப் பிடித்து வைத்திருப்பது போலவும் தோன்றியது.

முதியவர் கையை உயர்த்தினார். நான் நிறுத்தினேன். "மறுபடி," என்றார். அடித்தேன். "மறுபடி."

முதலில் வந்தது தண்ணீரை உழக்கும் சத்தம். பிறகு நீலத் தொப்பி. அதற்குக் கீழே ஆள் பிறகுதான் உருவானது. தொடை வரை நனைந்திருந்தார். ஒரு சப்பாத்தைக் காணவில்லை. முதியவர் காலில் போட்டிருந்த சப்பாத்தோடேயே தண்ணீருக்குள் இறங்கி அவருடைய முழங்கையைப் பிடித்தார். இரண்டு பேருமாக அவரைப் பஸ் படியில் இருத்தினோம். என்னுடைய ஜக்கெட்டைச் சுற்றிவிட்டேன். பற்கள் அடித்துக்கொண்டதில் அவருக்குப் பேச வரவில்லை. சூடாக்கியைக் கூட்டிவிட்டுத் தேநீர் கொடுத்தேன்.

"இறங்குதுறைக்கு ஏழு கால் இல்லை," என்றார் கடைசியில். "ஐந்துதான் நிற்கிறது. தொட்டுப் பார்த்தேன்."

"பனிமூட்டத்தில் எந்தப் பக்கம் நடந்தீர்கள்?"

"நேராகக் கரைக்கு வருவதாகத்தான் நினைத்தேன். ஹோர்ன் முதுகுக்குப் பின்னால் கேட்டது. பஸ் பிழையான இடத்தில் நிற்கிறது என்று உங்கள்மேல் கோபம்கூட வந்தது. பிறகுதான் திரும்பினேன்."

மீட்பு வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. முப்பத்தொரு நிமிடம் பிந்திப் புறப்பட்டேன். முதியவர் நனைந்த காலுறையோடு என் பின்னால் இருந்தார்.

"கண் வைத்தியர் இனிப் பார்க்க மாட்டார். மன்னியுங்கள்," என்றேன்.

"இன்றைக்குப் பார்த்தது போதும்," என்றார்.

பிந்தியதற்குக் காரணம் கேட்டு ஒரு படிவம் தந்தார்கள். வாகன நெரிசல், பழுது, காலநிலை, வேறு என்று நான்கு பெட்டி. காலநிலைக்கு நேரே கோடு போட்டுக் கொடுத்தேன். அன்று இரவுச் சாப்பாட்டில், ஹோர்ன் அடித்த வலது கையால் சோற்றைப் பிசைய முடியவில்லை. மனைவி பிடித்துப் பார்த்தாள்.

"உளுக்கேல்லை. பயந்திட்டியள்," என்றாள்.

"ஓம்," என்றேன். அவள் கையை விடாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

மே மாதத்தில் அந்தப் பெண் ஊர்ச்சனத்தைக் கூட்டித் தான் எழுதியதை வாசித்தார். பழைய தீயணைப்பு வண்டிக் கொட்டிலில் முப்பது கதிரைகள். எங்களையும் வரச் சொல்லியிருந்தார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று மனைவி அந்தக் கரையின் ஹெரிங் மீனிலேயே கட்லட் செய்து எடுத்து வந்தாள். சுவரில் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். சனம் எழும்பிப் போய்த் தங்கள் வீடு இருக்கும் இடத்தை விரலால் தேடினார்கள்.

ஏழு நிலத்தையும் ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு "பாழ்" என்று சொன்னபோது சனம் சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வந்தவர்களை வாசித்தார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து கிழக்கேயிருந்து கைவண்டிகளோடு வந்து, வீட்டுக்கு வீடு அறைகளைப் பகிர்ந்துகொண்டவர்களையும் சேர்த்தே எழுதியிருந்தார்.

பின்வரிசையிலிருந்து அந்தப் பழைய மீனவர் எழும்பினார்.

"அப்படியென்றால் இங்கே இருக்கிற எல்லோரும் வந்தேறிகளா?"

"தாளில் அப்படித்தான் இருக்கிறது," என்றார் அந்தப் பெண்.

"என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை."

தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. வாசித்து முடித்தார், கை தட்டினார்கள், கோப்பி ஊற்றினார்கள். ஆனால் அவர் கதவைப் பார்த்தபடியே இருந்தார். மனைவி கட்லட் தட்டை அவருக்கு முன்னால் வைத்து, "சாப்பிடுங்கள், நீங்கள் வாசித்தது எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது," என்றாள். அவர் ஒன்று எடுத்துக் கடித்து, உறைப்புக்குக் கண் கலங்கி, அதைச் சாட்டாக வைத்துக் கொஞ்சம் அழுதார்.

மூன்று வாரம் கழித்து முதியவர் பஸ்ஸில் ஏறினார். எனக்குப் பின்னால், அந்தப் பெண் உட்காரும் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். வயல்களில் மஞ்சள் பூத்திருந்தது. பாதி வழி போன பிறகுதான் பேசினார்.

"என் அம்மாவும் வண்டி தள்ளிக்கொண்டுதான் வந்தாள். ஓடர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இப்போது அது போலந்து. நான் வண்டிக்குள், மெத்தைத் துணிகளுக்கு நடுவில் கிடந்தேனாம். ஊரில் எங்களைப் பேசாத பேச்சில்லை. பெரியவனானதும் நான் இந்த ஊர்க்காரன் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். யாரும் மறுத்துச் சொல்லாமல் விட்டார்கள். எனக்கே மறந்து போனது."

"அதை அவரிடம் சொன்னீர்களா?"

"நேற்றுப் போனேன். எழுதிக்கொண்டாள். பென்சிலால்." பிறகு, "என் வீட்டில் மேல்தளம் சும்மா கிடக்கிறது. இரண்டு அறை, ஒரு குசினி. யன்னலைத் திறந்தால் தண்ணீர். உன் மனைவி அன்றைக்குக் கொட்டிலுக்கு வெளியே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். கேட்டுப் பார்," என்றார்.

நான் கேட்டேன். "சனம் இல்லாத ஊருக்கு நீங்கள் வருவியளோ?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். "சனம் இருக்கு," என்றேன்.

ஒக்டோபரில் மாறினோம். சாமான் தூக்க நீலத் தொப்பிக்காரியும் வந்தார். முழங்காலைக் காட்டி, பாரமில்லாத பெட்டிகளாகப் பார்த்து எடுத்தார்.

தை மாதத்தில் ஒரு விடியற்காலை மனைவி என்னை எழுப்பினாள். வெளியே வெளிச்சம் இளம்பால் போல இருந்தது. எங்கிருந்தோ நீண்ட, மெல்லிய ஒரு சத்தம் வந்து, வளைந்து, மறைந்தது. பிறகு இன்னொன்று, வேறு பக்கத்திலிருந்து.

"கேக்குதே? ஆரோ தூரத்தில கம்பியை இழுத்து விடுற மாதிரி."

நானும் கேட்டதில்லை அப்படியொன்றை. படியிறங்கிப் போனேன். முதியவர் தன் குசினியில் விளக்குப் போடாமல் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்னமே சொன்னார்.

"தண்ணீர் உறைந்து ஐஸ் பிடிக்கிறது. இந்தக் கரையிலிருந்து அந்தத் தீவு வரைக்கும் இறுகும்போது அப்படித்தான் இழுத்துச் சத்தம் போடும். மத்தியானம் வரை கேட்கும்."

மேலே வந்து சொன்னேன். அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு யன்னலைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. வேலைக்குப் போக இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.